ஓசூருக்குப் போகச் சொல்லாதீர்கள்

“ரோஜாவா? அதுக்கு ஓசூருக்குல்ல போகணும். நம்ம வெயிலுக்கு மல்லிதான் தம்பி.”

அலங்காநல்லூர் பக்கம் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேச்சைத் தொடங்கினாலும் ஐந்து நிமிடத்துக்குள் இந்தத் தீர்ப்பு வந்துவிடும். சொல்பவர் கரும்பு போட்டவராக இருப்பார். அல்லது போட்டுவிட்டு விட்டவராக இருப்பார். கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் அரவை நின்றபிறகு அடுத்து எதைப் போடுவது என்ற கேள்வி இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. தென்னை, வாழை, கொய்யா, மல்லி என்று பேச்சு நீளும். ரோஜா என்றதும் அறுந்துவிடும். அது குளிர்ப் பிரதேசத்துப் பூவாம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும்தான் வருமாம். சித்திரை அனலில் மொட்டு கருகிப்போகுமாம், ஐப்பசிப் புழுக்கத்தில் இலையெல்லாம் கொட்டிவிடுமாம்.

டீக்கடையோடு முடிந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். யூடியூபில் விவசாயம் சொல்லிக்கொடுப்பவர்களும், மானியத் திட்டங்களை விளக்க வருபவர்களும்கூட இதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறார்கள்: ரோஜா வேண்டுமென்றால் பசுமைக்குடில் போடுங்கள், முடியாவிட்டால் மறந்துவிடுங்கள்.

ஒரு பயிரைப் பற்றிய உண்மையை எடுத்து வேறொரு பயிரின் தலையில் கட்டுவதால் வருகிற தவறு இது. அதனால்தான் கேட்கும்போது நம்பும்படியாகவும் இருக்கிறது.

முதலில் ஒரு காரியம் செய்யலாம். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன் போய், கமிஷன் கடை வாசலில் அவிழ்க்கிற ரோஜா மூட்டைகள் எந்த ஊரிலிருந்து வந்தவை என்று கேட்டுப் பாருங்கள். ஓசூர், ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து லாரியில் வந்த பட்டன் ரோஸ் இருக்கும், மறுக்கவில்லை. அதன் பக்கத்திலேயே நிலக்கோட்டையிலிருந்தும், திண்டுக்கல்லைச் சுற்றிய கிராமங்களிலிருந்தும், தேனி மாவட்டத்துச் சமவெளியிலிருந்தும் வந்த பூ இருக்கும். நிலக்கோட்டை என்ன ஊட்டியின் சித்தப்பா மகனா? வாடிப்பட்டி தாலுகாவின் எல்லையைத் தாண்டினால் நிலக்கோட்டை தாலுகா. அதே வெயில், அதே வடகிழக்குப் பருவமழை, அதே செம்மண். அங்கே தலைமுறையாக ரோஜா பறிக்கிறார்கள். இங்கே, அலங்காநல்லூர் டீக்கடையில், ரோஜா வராது என்று சத்தியம் செய்கிறார்கள்.

குழப்பம் எங்கே பிறக்கிறது என்று பார்த்தால், ‘ரோஜா’ என்ற ஒரே சொல்லில் இரண்டு பயிர்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, முழ நீளத் தண்டோடு, வாய் திறக்காத மொட்டாக, பெட்டியில் அடுக்கி விமானமேறும் கொய்மலர். நம் பூக்கடையில் ‘டச்சு ரோஸ்’ என்பார்கள். கல்யாண மேடையின் பின்னணிக்கும் பிப்ரவரி 14க்கும் உரிய சரக்கு. ஓசூர் குடில்களில் வளர்கிற ‘தாஜ்மஹால்’ போன்ற ரகங்கள் இந்தச் சாதி. பகலில் 25 முதல் 28 டிகிரி, இரவில் 15 முதல் 18 டிகிரி வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்வது இதற்குத்தான். தண்டு நீள வேண்டும், மொட்டு மெதுவாகப் பருக்க வேண்டும். இரவுக் குளிர் இல்லாமல் இரண்டும் நடக்காது. ஆகவே அது உயரத்தைத் தேடிப் போகிறது. பூமத்திய ரேகை கடந்துபோகும் கென்யாவில்கூட ரோஜாப் பண்ணைகள் நைவாஷா ஏரிக்கரையில், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஓசூர் 900 மீட்டர். மதுரைச் சமவெளி 100 மீட்டரை ஒட்டியது. டச்சு ரோஸை அலங்காநல்லூரில் போடாதீர்கள் என்று யாராவது சொன்னால் நானும் கூடச் சேர்ந்து சொல்வேன்.

இன்னொன்று உதிரிப் பூ. தண்டு வேண்டாம், காம்பு ஓர் அங்குலம் இருந்தால் போதும். எடை போட்டுக் கிலோவில் விற்கும். மாலை கட்டுகிறவருக்கும், சாமிக்கு அர்ச்சனை செய்கிறவருக்கும், தலைவர் வரும்போது மாடியிலிருந்து இதழ் தூவுகிறவருக்கும், இறுதி ஊர்வலத்தில் வழி நெடுக வீசுகிறவருக்கும், குல்கந்து கிண்டுகிற மருந்துக்கடைக்காரருக்கும் வேண்டியது இந்தப் பூ. ஆந்திரா ரோஸ், எட்வர்டு ரோஸ், பட்டன் ரோஸ் என்று மார்க்கெட்டில் பெயர் சொல்லிக் கேட்பது இவற்றைத்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் உதிரிப் பூவுக்கென்று எட்வர்டையும் ஆந்திரா சிவப்பையும் பெயர் சொல்லியே பரிந்துரைக்கிறது; கவாத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று மாதமும் குறிக்கிறது. அந்தப் பரிந்துரையில் பசுமைக்குடில் பேச்சே கிடையாது. தை மூன்றாம் நாள் வாடிவாசலில் முதலில் இறங்குகிற கோயில் காளையின் கழுத்து மாலைக்கு யாரும் டச்சு ரோஸ் கேட்பதில்லை.

‘எட்வர்டு’ என்றதும் ஏதோ வெள்ளைக்கார ராஜாவின் பெயர், குளிர் தேசத்திலிருந்து கப்பலேறி வந்தது என்று தோன்றும். கதை வேறு. இந்துமாக்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, இன்று ரியூனியன் என்று அழைக்கப்படும் தீவுக்குப் பழைய பெயர் பூர்போன். பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டத் தீவு. அங்கே வேலிக்கு இரண்டு வகை ரோஜாவைக் கலந்து நடுவது வழக்கம். ஒன்று சீனத்து ரோஜா, மற்றது இரண்டு முறை பூக்கும் டமாஸ்க் ரோஜா. அந்த வேலியில் தானாகக் கலந்து முளைத்த செடிக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘எதுவார்’. 1817 வாக்கில் பிரெயோன் என்ற தாவரவியலார் அதைக் கவனித்தார். 1819இல் பாரீசுக்குப் போனது. தாவரவியலில் ரோசா பூர்போனியானா. நாம் எட்வர்டு என்கிறோம். பல நர்சரிகளில் பன்னீர் ரோஸ் என்று சொல்லி விற்பதும் இதையே. புயலும் கடல் ஈரமும் அடிக்கிற வெப்பமண்டலத் தீவில், அதுவும் கரும்புக் காட்டு வேலியில் பிறந்த செடி. அதை ஒரு கரும்புக் காட்டு ஊரில் நின்றுகொண்டு குளிர்நாட்டுப் பூ என்று ஒதுக்குகிறோம்.

ஐரோப்பிய ரோஜாவே அப்படியொன்றும் தூய குளிர்நாட்டுக் குலம் கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிவரை அங்கிருந்த ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறை பூத்து அடங்கிவிடும். வருடம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பூக்கிற குணம் தெற்குச் சீனத்தின் தோட்ட ரோஜாக்களிடமிருந்து வந்தது. அவற்றில் சில கல்கத்தா வழியாகவும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. இன்று ஓசூர்க் குடிலில் பத்துமாதமும் பூக்கிற அந்த நெட்டைத் தண்டுக்காரிக்கும் அந்தத் திறமையைக் கொடுத்தது கதகதப்பான ஊரில் பிறந்த பாட்டிதான்.

சரி, வெயிலைத் தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம், புழுக்கத்துக்கு என்ன பதில் என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. ரோஜாவுக்கு ஈரக் காற்றில் வரும் பெரிய எதிரி கரும்புள்ளி நோய். இலையில் கறுப்பு வட்டம் விழும், மஞ்சளாகும், ஒரு வாரத்தில் செடி மொட்டையாக நிற்கும். பார்த்தவர்கள் காற்றைப் பழிக்கிறார்கள். ஆனால் அந்தப் பூஞ்சைக்கு வேண்டியது காற்றின் ஈரமல்ல, இலைமேல் நிற்கிற தண்ணீர். விதைத்துகள் முளைத்து இலைக்குள் இறங்க, இலை ஏறக்குறைய ஏழு மணி நேரம் விடாமல் நனைந்திருக்க வேண்டும். கடும் வெயில் அதற்கும் ஆகாது. முப்பது டிகிரிக்கு மேல் போகப்போக அது ஓய்ந்துபோகும். மதுரைச் சமவெளியில் மாசியிலிருந்து ஆவணிவரை காலை எட்டு மணிக்கு இலைப்பனி காய்ந்துவிடும். நம்மைப் பயமுறுத்துகிற அதே வெயில்தான் ஆண்டில் பாதிக்குமேல் நமக்குச் செலவில்லாமல் மருந்தடிக்கிறது. இங்கிலாந்து வீட்டுத் தோட்டக்காரர்கள் கோடையிலும் விடாமல் கரும்புள்ளியோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மிச்சம் இருப்பது ஐப்பசியும் கார்த்திகையும். அந்த இரண்டு மாதம் உண்மையிலேயே கஷ்டம்தான். அப்போது தோட்டம் மொட்டையாவதற்கு மழை பாதிக் காரணம், நாம் பாதிக் காரணம். நெருக்கி நட்டு, காற்றுப் புகாமல் செய்திருப்போம். சாயங்காலம் தெளிப்பான் போட்டு இலையை நனைத்து, இரவு முழுக்க ஈரத்தோடு தூங்கவைத்திருப்போம். உதிர்ந்த நோய் இலையைப் பாத்தியிலேயே விட்டிருப்போம். சொட்டுநீரைக் காலையில் வேரடியில் விட்டு, கொட்டிய இலையைப் பொறுக்கி எரித்து, கவாத்து வெட்டிய நுனியில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த போர்டோ பசையைத் தடவியவர் தோட்டமும் அதே மழையில்தான் நிற்கிறது. அந்தப் பசை தடவாத வெட்டுக்காயத்தில் நுனிக்கருகல் இறங்கி, செடி மேலிருந்து கீழாகக் காய்ந்து வரும்போது, “பார்த்தீங்களா, நம்ம ஊருக்கு ஆகாதுன்னு சொன்னேன்ல” என்பார்கள்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று காலுக்குக் கீழே இருக்கிறது. பெரியாறு பாசனம் பாய்கிற நிலத்தில், பக்கத்து வயலில் நெல் நிற்கும்போது, நடுவில் ஒரு துண்டில் ரோஜா நடுகிறார்கள். வரப்பு வழியே கசிவுநீர் வந்து வேரடியில் தேங்கும். ரோஜா வெயிலைப் பொறுக்கும், தேங்கிய தண்ணீரை மட்டும் பொறுக்காது. வேர் அழுகி இலை மஞ்சளானால் அதற்கும் பழி வெயில்மேல் விழுகிறது. மேட்டு நிலத்தில், கிணற்றுப் பாசனத்தில், பார் பிடித்து நட்டவர்களிடம் போய்க் கேளுங்கள்.

பசுமைக்குடில் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். பிளாஸ்டிக் கூரை போட்ட குடில் என்பது வெப்பத்தைப் பிடித்து வைக்கிற ஏற்பாடு. இரவில் 12 டிகிரிக்கு இறங்குகிற ஊரில் அது செடிக்குப் போர்வை. சித்திரையில் 39, 40 டிகிரி போகிற ஊரில் அதே போர்வையைப் போட்டால் உள்ளே வெளியைவிடக் கூடுதலாக வேகும். செஞ்சிலந்திக்கும் இலைப்பேனுக்கும் அதைவிடச் சொகுசான இடம் கிடைக்காது. மழை வந்து அடித்துப்போகவும் வழியில்லை. விசிறியும் ஈரத்திரையும் வைத்துக் குளிரூட்டலாம், ஆனால் அந்த மின்கட்டணத்தை மாலை கட்டுகிறவர் கொடுக்க மாட்டார். ஓசூருக்குச் சரியான கருவியை மதுரைக்கு மானியத்தோடு தூக்கிக்கொண்டு வந்து, அது தோற்றதும் ரோஜா தோற்றது என்று எழுதிக்கொள்வது என்ன கணக்கு? மானியம் கொடுக்க விருப்பமிருந்தால் சொட்டுநீருக்கும், ஆந்திரா ரோஸின் நோயற்ற நல்ல நாற்றுக்கும் கொடுக்கட்டும்.

எதிர்த்தரப்பின் வாதத்தில் உண்மை இருக்கிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். சித்திரை, வைகாசியில் பூ சிறுக்கும். இதழ் எண்ணிக்கை குறையும், நிறம் வெளிறும், மொட்டு பருக்குமுன்பே விரிந்துவிடும். கிலோவில் விற்கிறவனுக்கு இது நேரடி நஷ்டம். வைகாசி முகூர்த்தத்துக்கு விலை இருந்தும் தராசில் எடை இருக்காது. பறித்த பூ பத்து மணிக்கு மேல் வாடும். ஈரச் சாக்குப் போட்டு மூடி, விடிவதற்குள் மார்க்கெட் சேர்க்கத் தெரியாதவர் இந்தப் பயிருக்குள் வரக்கூடாது. இதெல்லாம் உண்மை. ஆனால் ஓர் ஆண்டில் இரண்டரை மாதம் இளைக்கிற பயிரை ‘வராத பயிர்’ என்பதென்றால், அந்த அளவுகோலை முதலில் மல்லிக்கு வைத்துப் பார்க்க வேண்டும்.

மார்கழியிலும் தை முதல் பாதியிலும் மதுரை மல்லி என்ன விலை விற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கிலோ ஆயிரங்களைத் தாண்டினால் பத்திரிகையில் செய்தி வரும். காரணம் குளிரில் மல்லி அதிகம் பூக்காது. கார்த்திகைக் கடைசியில் கவாத்து செய்து, பங்குனிக்குத்தான் அது நிமிர்ந்து பூக்கும். மூன்று மாதம் கை விரிக்கிற பூவைக் குளிர் தாங்காத பூ, மதுரைக்கு ஆகாது என்று யாராவது சொன்னோமா? 2013இல் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்தோம். நியாயம்தான், அந்தப் பெருமைக்கு அது தகுதியான பூ. நான் கேட்பது ரோஜாவுக்கும் அதே பொறுமையை.

இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மல்லி அடங்குகிற அந்தக் குளிர்மாதங்கள்தான் ரோஜாவுக்குச் சமவெளியின் பொற்காலம். பூ பெருக்கும், நிறம் ஏறும், பறித்தபின் அரைநாள் கூடுதலாக நிற்கும். கவாத்து செய்த ஆறேழு வாரத்தில் பூ வரும். கார்த்திகையில் தோட்டத்தை மூன்று பங்காகப் பிரித்து, பத்து நாளுக்கு ஒரு பங்காகக் கத்தரி வைத்தால் தைப்பொங்கல், ஜல்லிக்கட்டு, தை முகூர்த்தங்கள் என்று வரிசையாகச் சரக்கு இருக்கும். மல்லியில் வேலையில்லாத நாட்களில் பறிப்புக் கூலியாட்களுக்கும் வேலை இருக்கும். ஒரே கிணறு, ஒரே குடும்பம், எதிரெதிர்ப் பருவத்தில் இரண்டு பூ. மல்லியா ரோஜாவா என்று இவற்றைச் சண்டைக்கு விட்டதே பெரிய அபத்தம்.

இன்னும் ஒரு வாதம் உண்டு. அது வயலிலிருந்து வராது, மேடையிலிருந்து வரும். ரோஜா நம் பூ அல்ல. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயரை அடுக்கினார், அதில் ரோஜா இல்லை. ஒப்புக்கொள்கிறேன், இல்லைதான். மிளகாயும் சங்க இலக்கியத்தில் இல்லை. தக்காளியும் இல்லை, நிலக்கடலையும் இல்லை, நம் ஊர் அரசியல்வாதி கழுத்தில் விழுகிற ஆளுயர மாலையும் இல்லை. மிளகாய் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்து ராமநாதபுரத்துச் சம்சாரியின் சொந்தப் பயிரானது. அதை யாரும் வெளியூர்க்காரன் என்று விரட்டவில்லை.

வெப்பநாட்டு ரோஜா என்பதை உலகம் இன்று வேடிக்கையாகப் பார்ப்பதில்லை. டாக்காவுக்குப் பக்கத்தில், சாவார் வட்டாரத்தில், ‘ரோஜாக் கிராமம்’ என்றே பெயர் வாங்கிய ஊர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் ஆற்றுவண்டல் நிலம், நம்மைவிட மிக அதிக மழை, நம்மைவிடப் புழுக்கம். திறந்த வயலில் ரோஜா வளர்த்துத் தலைநகருக்கு அனுப்புகிறார்கள். மேற்கு வங்கத்தின் பன்ஸ்குரா பக்கமும் அப்படியே. அந்தப் பூ ஹௌரா பாலத்தடி மல்லிக் காட் சந்தையில் இறங்குகிறது. அவர்களுக்கு நம்மைவிடக் குளிரான ஒரு குளிர்காலம் உண்டு என்பீர்கள். உண்டு. நமக்கு அவர்களைவிட உலர்ந்த ஒரு கோடை உண்டு.

நமக்கு மேலேயே, கொடைக்கானலில், எம்.எஸ். வீரராகவனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.ஏ.எஸ். பதவியை விட்டுவிட்டு ரோஜா இனக்கலப்பில் இறங்கியவர். அவருடைய வாதம் எளிமையானது: உலகின் ரோஜா வளர்ப்பாளர்கள் இருநூறு ஆண்டுகளாகக் குளிர்நாட்டுத் தோட்டங்களுக்காகவே ரகம் உருவாக்கினார்கள், ஆகவே வெப்ப ஊர்களில் அவை திணறுகின்றன, குறை ரோஜாவிடம் இல்லை, தேர்வு செய்தவர்களிடம் இருக்கிறது. வங்கத்து ஆற்றோரச் சதுப்பில் வெள்ளத்தைத் தாங்கி வாழ்கிற ரோசா கிளைனோபில்லா என்ற இந்தியக் காட்டு ரோஜாவையும், மணிப்பூர் மலையில் அவரே தேடிப்போன ரோசா ஜைகான்டியாவையும் எடுத்து, அவற்றின் ரத்தத்தைத் தோட்ட ரோஜாவுக்குள் கொண்டுவருவதில் அவரும் மனைவி கிரிஜாவும் பல பத்தாண்டுகளைச் செலவிட்டிருக்கிறார்கள். மலையில் உட்கார்ந்து சமவெளிக்காக யோசித்த அந்த மனிதரின் வேலையைப் பற்றி மதுரையில் பேச்சே இல்லை என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசியாக, உண்மையான பயத்தைப் பேசிவிடலாம். ரோஜா போட்டுக் கைவிட்டவர்களிடம் நெருக்கிக் கேட்டால், செடி செத்தது என்பவர்களைவிட விலை செத்தது என்பவர்களே அதிகம். ஆடியில் முகூர்த்தம் இல்லை, மார்கழியில் இல்லை. அந்த நாட்களில் வரத்து கூடினால் பறிப்புக்கூலிகூடத் தேறாது. பூவைச் செடியிலேயே விட்டுவிடவும் முடியாது. விட்டால் காய் பிடித்து அடுத்த பூப்பு தள்ளிப்போகும். இதற்குப் பதில் தட்பவெப்பத்தில் இல்லை. ஆடியில் வருகிற உபரிப் பூவை இதழாக உலர்த்தவும், குல்கந்துக்கும் பன்னீருக்கும் வாங்கவும் உள்ளூரில் ஓர் ஏற்பாடு வேண்டும். கரும்புக்கு ஓர் ஆலை கட்டிய ஊர் இது. அந்த ஆலையின் ஒரு மூலை அளவு இடம் போதும், இதழ் உலர்த்துகிற கூடமும் வடிக்கிற கொப்பரையும் வைக்க. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், நம் வெயிலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

அரை ஏக்கர் மேட்டு நிலமும் கிணறும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து சென்டில் தொடங்குங்கள். நிலக்கோட்டைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற யாரிடமாவது ஒரு காலைப்பொழுது போய் நின்று, எந்த ரகம், எந்த மாதம் கவாத்து, யாருக்குப் பூ போகிறது என்ற மூன்றையும் கேட்டுவிட்டு நாற்று வாங்குங்கள். ஓசூருக்குப் போகத் தேவையில்லை. வாடிப்பட்டியிலிருந்து பஸ் இருக்கிறது.